ஐந்தரை மணி நேரம்

"ஏண்டா ஹரி, காலம்பற சந்தியை மத்தியானம் பன்னெண்டு மணிக்கா பண்ணறே?"

வாயருகே போன காபி டம்ளரை ஹரிஷங்கர் அப்படியே நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று கரமனையிலுள்ள பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிட வந்தவனுக்கு அப்பாவிடமிருந்து இப்படி ஒரு வரவேற்பு.

அவன் டெக்னோபார்க்கில் புரோகிராமர். ஆபீஸ் பக்கத்தில் தனி ஃப்ளாட் எடுக்க அப்பா வெங்கடசுப்ரமணியன் ஒரே நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்திருந்தார். தினமும் காலை ஆறரைக்குச் சந்தியாவந்தனம். நாளுக்கு ஒரு போட்டோ எடுத்து மாசக் கடைசியில் அனுப்ப வேண்டும். தவறினால் பெட்டியோடு கரமனைக்குத் திரும்ப வேண்டும்.

ஒன்பது மணி வரை தூங்கிச் சுகம் கண்டவன் லேசில் விடுவானா? ஒரே நாளில் வேஷ்டி மாற்றி, விபூதி மாற்றி முப்பது போட்டோ எடுத்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தேதி, காலை ஆறரை மணி என்று போட ஒரு புரோகிராமும் எழுதினான். இத்தனை பாடுபட்டதற்குச் சந்தியே பண்ணியிருக்கலாம்.

"அது... மத்தியான சந்தி, மாத்யாஹ்னிகம்ப்பா."

"பின்னே காலம்பற சந்தி?"

"அதுவும் பண்ணினேன். போட்டோ எடுக்கலை."

அவன் அனுப்பிய போட்டோக்களின் நேரம் தெரியும்படி அப்பா போனை நீட்டினார். "முப்பது நாளும் பன்னெண்டு மணி, சைபர் நிமிஷம், சைபர் செகண்ட். சூரியனே இத்தனை கிருத்யமா, செகண்ட் பிசகாம உதிக்க மாட்டானேடா."

ஹரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறரை என்று எழுதியவன், எந்த ஊர் ஆறரை என்று எழுதவில்லை. புரோகிராம் அதைக் கிரீன்விச் ஆறரையாக எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே ஆறரை என்றால் இங்கே உச்சி வெயில்.

"என்னைப் பாரு. ஷுகருக்கு நடக்கணும்னார் டாக்டர். ஒரு வருஷமா தினம் ஆறு மணிக்கு ஆத்தங்கரையில நடக்கற போட்டோ சியாட்டிலுக்குப் போறது, உன் அக்கா பத்மஜாவுக்கு. ஒரு நாள் தப்பினதுண்டா?"

"இல்லைப்பா."

ஹரிக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்தான். கதவோரம் அப்பாவின் வாக்கிங் ஷூ பளபளவென்று இருந்தது.

"தப்புதான்ப்பா. நாளைக்கே பெட்டியை எடுத்துண்டு வந்துடறேன்."

அம்மா இருந்த சமையலறைப் பக்கம் அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெட்டி அங்கேயே கிடக்கட்டும். நீ பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல முப்பது வருஷம் இருந்தவன் பிள்ளைக்கு அஞ்சரை மணி நேரம் கழிக்கத் தெரியலையேன்னுதான் வயிறு எரியறது. அமெரிக்காவுல வருஷத்துக்கு ரெண்டு தடவை கடியாரத்தையே மாத்தறா. நானும் ஒரே நாள்ல எடுத்து வச்ச வாக்கிங் போட்டோவை அதுக்கும் கணக்குப் போட்டு அனுப்பிண்டிருக்கேனே, இன்னிவரைக்கும் பத்மஜா கண்டுபிடிச்சாளாடா?"