திரை திரும்பிய பக்கம்

லேப்டாப்பை விரித்துச் சாப்பாட்டு மேஜையில் தட்டையாகப் படுக்க வைத்தேன். திரையில் இருந்த எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாகி, எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சந்திரிகாவுக்கு நேராக நின்றன.

நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

"என்ன, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எனக்கே பாலிசி போடறீங்களா?" என்றாள்.

சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை.

லேப்டாப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்டதை நாலு வருஷத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் வாங்கினேன். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டியிலிருந்து விழுந்திருக்கிறது. இரண்டு தடவை காபி குடித்திருக்கிறது. ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். கனமும் கிடையாது. ஆனாலும் இரண்டு நாளாக இடது தோளில் வலி, பை மாட்டுகிற பக்கம்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு இதைவிடத் தோதான சாமான் கிடைக்காது. படுக்க வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் இருப்பது எதிரே இருப்பவருக்கு நேராகத் திரும்பும். அவர் படித்துவிட்டு விரலாலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம். அழுத்தினால்தான் திரும்பும்.

மூன்று வீடுகளில் மட்டும் அதுவாகத் திரும்பியது.

பீர்க்கன்கரணையில் ஜெயவேலு சார் வீடு. பள்ளிக்கரணையில் டேனியல் வீடு. அனகாபுத்தூரில் ஹனீஃபா பாய் வீடு. மூன்றிலும் பழைய பாலிசியில் ஏதோ திருத்தம் செய்யப் போயிருந்தேன். மூன்றிலும் நாற்பது நாள் தாண்டுவதற்குள் சாவு விழுந்தது. மூன்று வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போய் வந்தேன்.

இரண்டாவது வீட்டிலேயே மனசில் ஏதோ இடறியது. மூன்றாவதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. நேற்று ரிப்பேர் கடை வாஜித்திடம் கொண்டுபோனேன். முழுக்கப் பிரித்துப் பார்த்தார்.

"சென்சார் நல்லாத்தான் கீது சார். திரும்பறதையே நிறுத்தி வெச்சிட்டேன், இனிமே நீங்க அமுக்கினாகூட திரும்பாது. இன்னும் நாலு வருஷம் ஓடும், கவலப்படாதீங்க."

அதுதான் இப்போது திரும்பியிருக்கிறது.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சந்திரிகாவுக்கு நேராகவே கண் விழித்தது.

அவள் பீன்ஸைக் கழுவ எழுந்து போனாள். எழுத்துகள் ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கம், சமையலறையைப் பார்த்து நின்றன. அவள் திரும்பி வந்து என் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். அவையும் அந்தப் பக்கம் வந்தன.

பயம் என்றால் அப்படி ஒரு பயம் எனக்கு அதுவரை வந்ததில்லை. ஊரெல்லாம் போய், "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று வாய் கூசாமல் கேட்டுத்தான் பிழைக்கிறேன். சந்திரிகாவை நினைத்து அந்தக் கேள்வியை மனசுக்குள்கூடக் கேட்டதில்லை. அவளுக்குச் சர்க்கரை. டாக்டரிடம் போகலாம் என்றால் அடுத்த வாரம் என்பாள். அவள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. காபிப்பொடி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? வேர்த்து வேற கொட்டுது" என்றாள்.

அந்த மூன்று வீடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியது, திரும்பியது என்று பதறினேனே தவிர, யார் பக்கம் திரும்பியது என்று அந்த நிமிஷம் வரை யோசித்ததே இல்லை.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜெயவேலு சார். ஆனால் வரி வரியாகப் படித்துச் சொன்னது, ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி கங்கையம்மாள்.

டேனியல் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தனக்கு நேராகத் தெரிகிறதே என்று சொன்னது அவர் மனைவி ஜான்சி.

ஹனீஃபா பாய் வீட்டில், கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி அஜீசாவின் பக்கம்.

அந்த மூன்று பெண்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம்தான் அஜீசாவிடம் க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்து வாங்கி வந்தேன். இதே திரையில்.

பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன். அப்பாடா என்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தோள் வலி முழங்கை வரை இறங்கியிருந்தது.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாலு வருஷமாக யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்டைச் சொன்னேன். என் பாலிசி எங்கே இருக்கிறது, க்ளெய்ம் படிவம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். பீன்ஸ் நறுக்கிய ஈரம் காயாத அவள் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன்.

கையெழுத்து கோணலாக வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான். கங்கையம்மாளுக்கு நாலு தடவை ஆனது.

"இன்னொரு தடவை போடு" என்றேன்.