நிமிர்ந்து நிற்கும்வரை

மதிய இடைவேளையில் ஊசிநூலால் பூவேலை செய்துகொண்டிருந்த ஊழியன் மினெகிஷியின் துணியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார் மேனேஜர் ஒனிசாவா.

"பொம்பளை வேலை! வெக்கமா இல்ல?"

மூன்று மணிக்கு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு, ஜப்பானிய வழக்கப்படி எல்லோரும் வரிசையாகக் குனிய வேண்டும். ஒத்திகையிலேயே ஒனிசாவாவின் பேன்ட் பின்னால் டர்ரென்று கிழிந்தது.

"பொண்ணுங்களா, யாராவது தைங்க!"

"எங்களுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது சார்."

பேன்ட் மினெகிஷியிடம் போனது. ஒனிசாவா ஃபைலால் மானத்தை மறைத்துக்கொண்டு கத்தினார்.

"ஒரு தையலுக்கு இவ்வளவு நேரமாடா?"

"கெட்டியா போடணும்ல சார்."

வாடிக்கையாளர் வந்துவிட்டார். பார்க்காமலே மாட்டிக்கொண்டார் ஒனிசாவா.

"வெளிய தெரியாதே?"

"கோட்டு மறைச்சிடும் சார். நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் தெரியாது."

ஒனிசாவா இடுப்பை வளைத்துக் குனிந்தார். கோட்டு மேலேறியது.

பின்வரிசையில் குனிந்தவர்களின் மூக்குக்கு நேரே, ரோஸ் நூலில் ஒரு பன்றிக்குட்டி பல்லிளித்தது.