மலை பார்க்கப் போன சக்கர வீடு

கொட்டகையிலேயே நின்று துருவேறிக்கொண்டிருந்த சக்கர வீடு ஒன்றுக்கு, இற்று விழுவதற்குள் மலையைப் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. இழுத்துப் போக வண்டி வேண்டுமே! வீட்டின் இரும்புக் கொக்கியே கல்யாணத் தரகராகிப் போய், ஒரு பிக்கப் வண்டியைக் கூட்டிவந்தது.

"மாப்பிள்ளை எவ்வளவு இழுப்பார்?" என்று வீடு கேட்டது.

"யானையைக் கட்டினாலும் இழுப்பேன்," என்று வண்டி ஹாரன் அடித்தது. "நீங்க என்ன எடை?"

"நானா? வெறும் தகரந்தானே," என்றது வீடு. வயிற்றுக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி, தேக்குக் கட்டில், அரிசி மூட்டை, ஆட்டுக்கல் எதைப் பற்றியும் அது வாய் திறக்கவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

கொக்கிக்கு இரண்டு பேர் வண்டவாளமும் தெரியும். ஆனாலும், "பத்துப் பொருத்தமும் அமோகம்," என்று சொல்லி இருவரையும் மாட்டிவிட்டது.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி முக்கியது, முனகியது. அதன் முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. அப்புறம் பயணம் முழுக்கப் பின்பக்கமாகத்தான். அடிவாரம் போயிற்று, ஏழெட்டு ஊர் போயிற்று. கடைசியில் கடற்கரை மணலில் புதைந்துதான் இருவரும் நின்றார்கள்.

வீடு மெல்ல ஜன்னலைத் திறந்து பார்த்தது. "ஏங்க, மலை இப்படி அலையடிக்குமா?"

"உச்சியில காத்து அதிகம்," என்றது வண்டி.

"அதானே பார்த்தேன்," என்ற வீடு, கொளுத்தும் வெயிலில் திரைச்சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. "என்னா குளிரு!"