முதல் பீரியட்

"மிஸ், நான் இப்படியே திரும்பிப் போயிரட்டுமா?"

தாராவிப் பள்ளிக்கூட மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் ஷைஸ்தா கேட்டாள். நாற்பது வயதைத் தாண்டிய அவர் சேலையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் அணிந்திருந்தார். பெயர் ஆறுமுகத்தாய் என்று சொல்லியிருந்தார்.

ஷைஸ்தா உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி மாணவி. இன்றுதான் முதல் வகுப்பு. வகுப்பெடுக்கத் தயாரா என்று கேட்ட கல்லூரிப் படிவத்தில் 'ஆம்' என்று டிக் அடித்திருந்தாள். ஆனால் கல்லூரியின் ஒத்திகை வகுப்புகளில் கூடப் படித்தவர்கள்தான் பிள்ளைகளாக நடித்தார்கள். விசில் ஊதியதும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நாற்பது நிஜப் பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடினால் என்ன செய்வது?

"நான் இங்கனதாம்மா படிச்சேன்," என்றார் ஆறுமுகத்தாய்.

அப்போதெல்லாம் மழை பெய்தால் மைதானம் முழுக்கச் சேறாம். அதிலேயே கபடி ஆடுவார்களாம். வடாலாவில் நடந்த ரிலே ஓட்டத்துக்கு, பக்கத்து வீட்டு அண்ணனின் ஷூவைத் துணி திணித்துப் போட்டுக்கொண்டு ஓடினாராம். ஜெயித்துவிட்டு லோக்கல் ரயிலில் மாஹிமுக்குத் திரும்பும்போது, நான்கு பெண்களும் கோப்பையை மடி மாற்றி மடி வைத்துக்கொண்டே வந்தார்களாம். மாஹிம் வந்ததும் இறங்க மனசே இல்லையாம்.

சொல்லும்போது அவர் கண்கள் மைதானத்தின் மறு கோடியிலேயே இருந்தன.

ஷைஸ்தாவும் அந்தப் பக்கமே பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்துப் பார்க்க அப்படி ஒரு நாளைத் தன்னாலும் யாருக்காவது தர முடியுமா?

"இந்தப் பயம் எப்ப மிஸ் போகும்?"

ஆறுமுகத்தாய் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். "தெரியலம்மா," என்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு இறங்கி வந்தார்கள். பின்னாலேயே வந்த தலைமையாசிரியை, முதல் பீரியட் யார் எடுப்பது என்று கேட்டார். ஷைஸ்தா எழுந்தாள்.

"நான் எடுக்கறேன் மேடம்."

"சரி. அப்ப ரெண்டாவது பீரியட் நீங்க எடுங்க," என்றார் தலைமையாசிரியை, ஆறுமுகத்தாயிடம். "வேற காலேஜ்லேருந்து வந்திருக்கிற டிரெய்னி நீங்கதானே?"

ஷைஸ்தா திகைத்துப்போய்த் திரும்பினாள்.

"தப்பா நினைக்காதம்மா," என்று அவள் கையைப் பிடித்தார் ஆறுமுகத்தாய். அவர் கை சில்லென்றிருந்தது. "மொதமொதல்ல என்னைய மிஸ்னு கூப்பிட்டது நீதான். இல்லைன்னு சொல்ல மனசு வரல."