மூன்றாவது செங்கல்

எங்கள் நீச்சல் குளத்து வேலியின் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். கொக்கி உயரத்தில் இருப்பதால் நான்கு வயது மகளுக்கு எட்டாது. ஆனால் துண்டும் காப்பியுமாகப் போய்வர இடைஞ்சல் என்று என் கணவர் கதவிடுக்கில் ஒரு செங்கல்லைச் செருகித் திறந்தே வைத்துவிடுவார்.

திங்களன்று வைத்த செங்கல் சற்று நேரத்தில் குளத்தின் அடியில் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. புதனன்றும் அப்படியே.

இன்று மூன்றாவது முறை. நான் வாசலில் நுழைந்ததுமே கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கோபம்னா என்கிட்ட காட்டு. செங்கல்லை ஏன் தண்ணியில போடுற?"

"ஆபீஸ்ல இருந்து வந்து இன்னும் செருப்பைக்கூட கழட்டலை. பிள்ளை ஓடியாடுற வீட்ல கதவைத் திறந்து போட்டுட்டு என்னையே கேக்கறீங்களா?"

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குளத்தின் விளிம்பிலிருந்து கதவு வரை சின்னஞ்சிறு ஈரக் காலடிகள். திரும்பி விளிம்பு வரை இன்னொரு வரிசை. மகளின் பாதங்கள் உலர்ந்திருந்தன. அந்தத் தடங்களைவிடப் பெரிதாகவும் இருந்தன.

அவர் குனிந்து ஒரு தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

"கதவைச் சாத்தின அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பொறுப்புகூட உங்களுக்கு இல்லையே!"

உயரத்திலிருந்த கொக்கியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.