இருபது பேருக்குத்தான் வைஃபை

"இன்னும் அரை மணியில எனக்கு மீட்டிங். வைஃபை வரலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு, ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு படியேறினாள் சுஷ்மிதா. சிறுசேரியில் ஐ.டி. வேலை. கடலைப் பார்த்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று மாமல்லபுரம் வந்தவள்.

லாட்ஜ் மேனேஜர் சதாசிவம் உடனே ரிப்பேர்காரனுக்குப் போன் போட்டார். "இன்னொரு வைஃபை கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, கவுன்டர் சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி போன வாரம்தான் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன் அவர், சம்பள உயர்வு விஷயத்தைத் தவிர.

வைஃபை ரிப்பேர் பார்க்கும் ஜெரோம் வந்து, ரௌட்டரை நோண்டிப் பார்த்தான்.

"நெட்டு நல்லாதான் கீது சார். நம்பர்தான் காலி இல்ல."

"என்ன நம்பர்?"

"ஐ.பி. அட்ரஸ் சார். ஒரு போன் உள்ள வந்தா, இந்த ரௌட்டர் அதுக்கு ஒரு நம்பர் குடுக்கும். நீங்க ரூம் சாவி குடுக்கறீங்கள்ல, அந்த மாதிரி. நம்பர் இருந்தாதான் நெட்டு. இது அரதப் பழசு டப்பா, இருபது நம்பருக்கு மேல தாங்காது. இருபதும் போயிட்ச்சு. அந்தம்மா இருபத்தொண்ணு."

லாட்ஜ் பாஷையில் சொன்னதும் சதாசிவத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"அப்ப எவனோ வாடகை குடுக்காம உள்ள தங்கியிருக்கான்!"

"தங்காம? பாஸ்வேர்டு இன்னா? லாட்ஜ் போன் நம்பரு. அத்த வாசல் போர்டுல ஆளுயரத்துக்கு எழுதி வச்சுகினுகீறீங்க."

"அதை மாத்தித் தொலையேன்."

"ரூமுக்கு ரூம் பெயின்ட்ல எழுதிகீது சார். மாத்தணும்னா முதலாளியைத்தான் கேக்கணும்."

சதாசிவம் அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்.

"கெஸ்ட்டுங்க, கேமரா எல்லாம் போக, மாசக்கணக்கா உள்ளயே குந்திகினுகீறது அஞ்சு நம்பரு. அதுல ஒண்ணு உங்க போனு."

"அது லாட்ஜ் வேலைக்கு" என்றார் சதாசிவம். அந்த நேரம் பார்த்து அவர் போனில் ஓடிய வீடியோவில் ஒரு குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சொந்தக் காசில் நெட் பேக் போட்டு வருஷக்கணக்காகிறது அவருக்கு.

"மீதி நாலும் யாருன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

"இதுல பேரு காட்டாது சார். ஒண்ணொண்ணா வெட்டிப் பாப்போம். யார் கத்துறாங்களோ, அவங்கதான்."

ஒன்றை வெட்டினான்.

பின்பக்கத்து வீட்டு மாடியிலிருந்து மேனேஜரின் மனைவி ஜெகதாம்பாளின் குரல் இடியாக இறங்கியது. "ஏங்க! மருமக வாயைத் திறக்கப்போற நேரத்துல சீரியல் நின்னுபோச்சு! யாரு கைய வச்சது?"

"குடுத்துடு, குடுத்துடு" என்று பதறினார் சதாசிவம். "ராத்திரி நான் சாப்பிட வேணாமா?"

அடுத்ததை வெட்டினான். எதிர் போலீஸ் பூத்திலிருந்து ஏட்டய்யா தொப்பிகூடப் போடாமல் வெளியே வந்தார். "யோவ் மேனேஜரு! வைஃபை இன்னாச்சு? முக்கியமான கேஸு பாத்துகினுகீறேன்யா!" அவர் கையிலிருந்த போனில் சீட்டாட்டம் பாதியில் நின்றிருந்தது.

"அரசாங்கத்தைப் பகைச்சுக்க முடியுமா? குடுடா."

மூன்றாவதை வெட்டியதும் பக்கத்து ஜூஸ் கடையில் பாட்டு அறுந்தது. முதலாளியின் மச்சினன் பிரவின்குமார் தலையை நீட்டினான். "இன்னா சதாசிவம், மாமாவுக்குப் போன் போடவா?"

"ஐயோ, குடுத்துத் தொலை!"

நாலாவதை வெட்டினான் ஜெரோம். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

"சார், யாரும் கத்தவே காணோம்."

"கத்தலைன்னா தேவையில்லைன்னு அர்த்தம். பூட்டிடு. திரும்ப உள்ளயே வரக்கூடாது, திருட்டுப் பய!"

காலியான நம்பர் சுஷ்மிதாவுக்குப் போனது. "தேங்க்ஸ் அங்கிள்! அஞ்சு ஸ்டார்!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. வேலை தப்பித்தது. சதாசிவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கத் தெருவில் இறங்கினார்.

எதிரே சிப்பிக் கடை. ஜாக்குலின் ஒரு பெரிய சங்கில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மகள் அனு திருச்சி ஹாஸ்டலில் படிக்கிறாள். தினமும் இந்த நேரத்துக்கு அம்மாவும் மகளும் வீடியோவில் கையாலேயே ஊர்க்கதை பேசுவார்கள். தெருவே பார்த்திருக்கிறது, சதாசிவமும்தான்.

இன்று திரையில் அனுவின் முகம் அசையாமல் நின்றிருந்தது. ஜாக்குலின் போனை முந்தானையால் துடைத்தாள். உயரத் தூக்கிப் பிடித்தாள். மறுபடி சங்கில் சாய்த்து வைத்து, ஏதோ சொல்லக் கையைத் தூக்கி, அப்படியே நிறுத்தினாள்.

சதாசிவத்தைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தாள். போனைக் காட்டி, என்னாச்சோ தெரியவில்லை என்று கையை விரித்தாள்.

சதாசிவம் டீயை மறந்து உள்ளே ஓடினார்.

"ஜெரோமு, அந்த நாலாவது நம்பரைத் திருப்பிக் குடுடா!"

"அது மாடி மேடம்கிட்ட கீது சார், மீட்டிங் ஓடிகினுகீது. வேற யாரையாச்சும் வெட்டினாதான் உண்டு. யார வெட்டுறது? மூணு பேரும் கத்துவாங்களே!"

சதாசிவம் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை வெட்டு."

"சார், லாட்ஜ் வேலை?"

"வெட்டுடான்னா!"

ஜெரோம் வெட்டினான். வாழைப்பழமும் கையுமாகக் குரங்கு நின்றுபோனது. எதிர்க் கடையில் இரண்டு கைகளும் படபடவென்று பேச ஆரம்பித்தன.

அன்று அந்தத் தெருவில், வெட்டியும் சத்தம் போடாத இரண்டாவது ஆள் சதாசிவம்.