அடிவரி மட்டும்

"கிழிச்ச கை யாரோடதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

பசை வாளியை லாரி செட்டின் நடுவில் நங்கென்று வைத்தாள் அவள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாரம் தவறாமல் வாளியோடு வருகிறவள் என்பதால், அங்கே எல்லாருக்கும் அவள் பசையக்கா.

போன வாரம் அவள் ஒட்டிய சுவரொட்டி சுவரில் இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாம் இலவசம், பேர் ஊர் கேட்க மாட்டோம் என்ற எழுத்தெல்லாம் பத்திரமாக இருந்தது. கூப்பிட வேண்டிய நம்பர் இருந்த அடிவரியை மட்டும் காணோம். உடம்பை விட்டுவிட்டு உயிரை மட்டும் உருவிக்கொண்ட மாதிரி. அதற்கு முந்தின வாரமும் இதே கதைதான்.

"காத்து அடிச்சிருக்கும்" என்றார் கணக்குப்பிள்ளை, மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"காத்துக்குக் கண்ணு இருக்கா? நம்பரை மட்டும் பாத்துப் பாத்துக் கிழிக்குமா?"

"இது சரக்கு வந்து போற இடம்மா, ஆஸ்பத்திரி இல்ல. இதை இங்க ஒட்டினா வர்றவன் என்ன நெனப்பான்? இந்த செட்டுல இருக்கறவன் பூரா சீக்காளின்னு நெனப்பான்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று குரலை உயர்த்தினார். சுவரோரம் மூட்டையோடு போன ஒருத்தன் சுவரொட்டி முன்னால் கொஞ்சம் தயங்கிவிட்டான். நெடுநெடுவென்ற உடம்பு, செட்டில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர்.

"என்னடா ஒட்டடை, படம் பாக்கறியா? உனக்கும் தேவைப்படுதோ?"

செட்டே சிரித்தது. ஒட்டடைக்குச்சியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு நகர்ந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. எங்க வீட்டுக்காரரும் இங்கதான் மூட்டை சொமந்தாரு. காய்ச்சல் வந்து வந்து போச்சு. எங்க போய்க் கேக்கறதுன்னு தெரியல. கேட்டா அசிங்கம்னு வாயை மூடிக்கிட்டே போய்ச் சேந்தாரு. அதே கிருமி எனக்குள்ளயும் இருக்கு. தெனம் மாத்திரை போட்டுக்கிட்டு குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். இந்த ஒரு நம்பர் கெடைச்சிருந்தா அவரும் நின்னிருப்பாரு. அதைத்தான்யா கிழிக்கறீங்க."

சிரிப்பு அடங்கியது. 

"நான் கிழிக்கல" என்றார் கணக்குப்பிள்ளை.

"கிழிக்கலைன்னா கிழிக்கச் சொல்லியிருப்பீங்க."

அவள் அவ்வளவு கொதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளைச் சுவரொட்டி ஒட்ட அனுப்புகிற பரிசோதனை மையத்தில் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: 'வேண்டாம்னு கிழிக்கற எடத்துல எதுக்கு மல்லுக்கட்டற? இன்னொரு தடவை கிழிச்சா அந்த செட்டை விட்டுட்டு வேற எடம் பாரு.' புருஷனை விழுங்கிய இடத்தை விட்டுவிட்டு அவள் வேறு எந்த இடத்தைப் பார்ப்பாள்?

பழையதை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் போய், பின்பக்கமாகச் சுற்றி வந்து, அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, அந்தக் கணக்குப்பிள்ளை முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு.

சாப்பாட்டு வேளை வந்தது. செட் காலியானது. கணக்குப்பிள்ளையும் கை கழுவப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஒரு நெட்டை உருவம் சுவரோரமாக வந்தது. நிற்கவே இல்லை. நடந்த நடையிலேயே கை மட்டும் நீண்டது. ஈரம் காயாத காகிதம் சத்தமில்லாமல் உரிந்து வந்தது.

பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒட்டடைக்குச்சி.

"நீயாடா? அந்த ஆளு ஏவிவிட்டானா? கையைத் திற."

"சத்தம் போடாதீங்கக்கா."

"போடுவேன். செட்டே கேக்கட்டும். அடுத்தவன் உசுரைக் கிழிச்சுப் போடறதுல உனக்கு என்னடா சுகம்?"

அவன் கையைத் திறக்கவில்லை. விரல் இடுக்கில் பசை வழிந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த அந்தக் கை, துண்டுக் காகிதம் கசங்கிவிடக் கூடாதென்று முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தது.

"அது முன்னாடி நின்னு நம்பரைப் பாத்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்தீங்கல்ல? அதான், தனியா கொண்டுபோய் போன் போடலாம்னு…" கணக்குப்பிள்ளை போன பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "போன வாரமே எடுத்திருப்பேன்க்கா. எனக்கு முன்னாடியே எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்."